கோலாலம்பூரில் துடுப்புப் போட்ட ஓர் இரவு

என் அக்காள் மகனை அவனுடைய முதல் மெட்டல் கச்சேரிக்கு அழைத்துப் போவதென்று முடிவானதும், நுழைவுச்சீட்டுக்கும் முன்பாக நான் வாங்கியது இரண்டு ஜோடிக் காதடைப்பான்கள். அதற்குக் காரணம் இருக்கிறது. இருபது வயதில் நான் முதன்முதலாக இப்படியொரு கச்சேரிக்குப் போனபோது, ஒலிபெருக்கிக் கோபுரத்தை ஒட்டியே மூன்று மணி நேரம் நின்றேன். மறுநாளும் அதற்கு மறுநாளும் காதுக்குள் சில்வண்டு கத்துவது போன்ற ஓசை ஓயவே இல்லை. மூன்றாம் நாள் அடங்கிவிட்டது என்று நிம்மதி அடைந்தேன். ஆனால் இன்றைக்கும் சந்தடி மிகுந்த கல்யாண மண்டபத்தில் எதிரே இருப்பவர் பேசுவதைப் பாதி காதாலும் பாதி உதட்டசைவாலும்தான் புரிந்துகொள்கிறேன். ஊரடங்கிய இரவுகளில் இடக்காதில் அந்தச் சில்வண்டு மெல்லிதாகத் திரும்பி வருகிறது. உட்செவியில் ஒலியை வாங்கும் மயிரணுக்கள் மனிதருக்கு ஒருமுறை அழிந்தால் மறுபடி முளைப்பதில்லை. பத்தொன்பது வயதுப் பிள்ளையை என்னை நம்பி அனுப்பும் அக்காளுக்கு, முதலில் அவனுடைய காதுக்குத்தான் நான் பொறுப்பு என்று தோன்றியது.

பினாங்கிலிருந்து கோலாலம்பூர் சென்று, வைக்கிங் கதைகளைப் பாடும் ஐரோப்பிய மெட்டல் குழு ஒன்றை நேரில் கண்ட அனுபவத்தை இங்கே எழுதுகிறேன். ஏற்பாட்டில் நேர்ந்த சில குறைகளையும் சொல்ல வேண்டியிருப்பதால், அந்தக் குழுவின் பெயரையும் அரங்கின் பெயரையும் வேண்டுமென்றே விட்டுவிடுகிறேன். வேறு எந்த மெட்டல் கச்சேரிக்குப் போகிறவருக்கும் இதில் உள்ளவை பயன்படும் என்று நம்புகிறேன்.

வைக்கிங் மெட்டல் என்பது தனி வாத்தியமோ தனி ராகமோ கொண்ட இசை அன்று. கனத்த, தாழ்ந்த சுருதியில் ஒலிக்கும் மெட்டல் இசையின் மேல், வட ஐரோப்பியக் கடலோடிகளின் தெய்வங்கள், போர்கள், கடற்பயணங்கள், இறப்புகள் ஆகியவற்றைப் பாடுபொருளாக ஏற்றிய வகை அது. 1988, 1990ஆம் ஆண்டுகளில் ஸ்வீடனின் பாத்தரி குழு வெளியிட்ட இசைத்தொகுப்புகளில்தான் இந்த வகை உருப்பெற்றது என்று பெரும்பாலோர் கருதுகிறார்கள். அதன்பின் நோர்வேயில் 1991இல் என்ஸ்லேவ்ட் குழுவும், ஸ்வீடனின் தும்பா என்ற ஊரில் 1992இல் ஆமோன் அமார்த் குழுவும், ஃபரோ தீவுகளைச் சேர்ந்தவர்களின் டீர் குழுவும் 1998இல் தோன்றின. மூன்றும் ஒன்றைப்போல் ஒன்று ஒலிப்பதில்லை. டீர் குழுவினர் தங்கள் தீவுகளில் இன்றும் கைகோத்து ஆடிப் பாடும் பழைய கதைப்பாடல்களின் மெட்டுகளை எடுத்தாள்கிறார்கள். ஆமோன் அமார்த் உறுமல் குரலில் பாடுகிறது. இந்த இசையைத் தொடங்க விரும்புகிறவர் டீரிலிருந்து தொடங்கினால் எளிதாக இருக்கும் என்பது என் கருத்து.

அந்த உறுமல் குரல்தான் நம் வீடுகளில் முதல் தடையாக நிற்கிறது. "பேய் பிடிச்ச மாதிரி இருக்கே, இதுவா பாட்டு?" என்று அக்காள் கேட்டார். அவருடைய பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. 2001ஆம் ஆண்டில் 'பிளாக் மெட்டல்' என்ற இசைவகை பற்றி மலேசியாவில் எழுந்த பெரும் பரபரப்பையும், பள்ளி மாணவர்கள் மீது விழுந்த சந்தேகக் கண்ணையும் கண்ட தலைமுறை அது; கறுப்புச் சட்டை போட்ட பிள்ளை என்றாலே பெற்றோர் கலங்கிய காலம். அதனால் நான் அவரை உட்காரவைத்துப் பாடலின் சொற்களை வரிவரியாகத் தமிழில் சொன்னேன். போருக்குப் போகும் மகன், கரையில் நிற்கும் தாய், கடலில் மூழ்கிய தோழனுக்குக் கல் நடும் ஒருவன். "இது நடுகல் மாதிரிதானே?" என்றார். அதேதான். ஸ்வீடனில் இறந்தவர் பெயரையும் அவர் போன திசையையும் ரூன் என்ற பழைய வட ஐரோப்பிய எழுத்துகளில் பொறித்து நிறுத்திய கற்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. கள் படைத்துப் பீலி சூட்டி நடுகல்லை வணங்கிய மரபு நமக்கும் இருந்தது. குரலைப் பொறுத்தவரை, அது தொண்டை கிழியக் கத்துவது அன்று. குரல்நாண்களுக்குச் சற்று மேலே உள்ள பொய்க்குரல்நாண்களை, அடிவயிற்று மூச்சின் வலுவில் அதிரவைக்கும் பயிற்சி அது. தோலை வளைந்த குச்சியால் உரசி உறுமவைக்கும் வாத்தியத்துக்கு உறுமி என்றே பெயரிட்டு, தைப்பூசத்தில் அதன் பின்னால் மைல் கணக்கில் நடக்கிறோம். அந்த உறுமலுக்குப் பழகிய காதுக்கு இந்த உறுமல் அவ்வளவு அந்நியம் இல்லை. அக்காள் அனுப்பச் சம்மதித்தார்.

எனக்கு இந்த இசை மேல் பற்று வந்ததற்கு இன்னொரு காரணம் உண்டு. என் தாத்தா கெடாவில் ரப்பர் பால் எடுக்கும் பால்மரம் வெட்டுத் தொழில் செய்தவர். சிறுவயதில் அவர் வீட்டு வாசலில் நின்றால் குனோங் ஜெராய் தெரியும். அந்த மலையடிவாரத்துப் பூஜாங் பள்ளத்தாக்கில்தான் பழைய கடாரத்தின் கோயில் அடித்தளங்கள் கிடைத்தன. இராசேந்திர சோழனின் கப்பற்படை 1025ஆம் ஆண்டில் கடாரத்தின் மேல் வந்தது. வைக்கிங் காலம் என்று வரலாற்றாசிரியர்கள் வகுப்பது 793இல் இங்கிலாந்தின் லிண்டிஸ்பார்ன் மடாலயம் தாக்கப்பட்டதிலிருந்து 1066இல் ஸ்டாம்ஃபோர்டு பாலத்துப் போர் வரை. அதாவது சோழர் கப்பல்கள் நம் கரைக்கு வந்த அதே ஆண்டில், கனூட் என்ற டேனிய அரசன் டென்மார்க்கையும் இங்கிலாந்தையும் சேர்த்து ஆண்டுகொண்டிருந்தான். அதற்கு நான்கே ஆண்டுகளுக்கு முன், 1021இல், வைக்கிங்குகள் அட்லாண்டிக்கைக் கடந்து இன்றைய கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் மரம் வெட்டியிருக்கிறார்கள் என்று அங்கே கிடைத்த மரத்துண்டுகளின் வளையங்களைக் கொண்டு 2021இல் உறுதிசெய்தார்கள். உலகின் இரு மூலைகளில் ஒரே தலைமுறை மனிதர்கள் மரக்கலத்தில் ஏறிக் கரைதெரியாக் கடலுக்குள் போயிருக்கிறார்கள் என்ற எண்ணம், பதின்ம வயதில் அண்ணன் பினாங்கின் கொம்தார் வணிக வளாகத்திலிருந்து வாங்கிவந்த ஒலிநாடாவைக் கேட்ட நாள் தொட்டு என்னை விடவில்லை. என் அக்காள் மகனுக்கும் இதைச் சொல்லித்தான் இந்த இசையை அறிமுகப்படுத்தினேன்.

இனி பயண ஏற்பாடு. மலேசியாவில் வெளிநாட்டுக் கலைஞர் நிகழ்ச்சி நடத்த வேண்டுமென்றால் ஏற்பாட்டாளர் புஸ்பால் என்ற அரசுக் குழுவின் அனுமதியைப் பெற வேண்டும். அனுமதி கடைசி நேரத்தில் இல்லாமல் போவதும் உண்டு. 2013 செப்டம்பரில் கோலாலம்பூரில் நடக்கவிருந்த லேம்ப் ஆஃப் காட் என்ற அமெரிக்கக் குழுவின் கச்சேரி அப்படித்தான் நின்றுபோனது. ஆகவே வெளியூரிலிருந்து போகிறவர்கள் நுழைவுச்சீட்டுப் பணம் எந்தச் சூழலில் திரும்பும் என்பதை வாங்கும்போதே படித்துவைக்க வேண்டும். தங்குமிடத்தைக் கட்டணமின்றி ரத்துசெய்யக்கூடியதாகப் பதிவுசெய்ய வேண்டும். நான் இரண்டையும் செய்தேன், எனினும் அறிவிப்பு வந்த நாளிலிருந்து கச்சேரி நாள்வரை மனம் ஒரு படபடப்பிலேயே இருந்தது உண்மை.

நாங்கள் காலையில் ஃபெரியில் பட்டர்வொர்த் சென்று, அங்கிருந்து இடிஎஸ் என்ற மின்சார விரைவு ரயிலில் கோலாலம்பூர் சென்ட்ரல் போனோம். நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான பயணம். பள்ளி விடுமுறையும் நீண்ட வார இறுதியும் சேர்ந்துவந்தால் இந்த ரயிலில் இடம் கிடைப்பது அரிது என்பதால், கச்சேரிச் சீட்டு உறுதியான அன்றே ரயில் சீட்டையும் எடுத்துவிட வேண்டும். திரும்பும் ரயிலை மறுநாள் காலை முதல் வண்டியாக எடுக்காமல் நண்பகல் வண்டியாக எடுத்தது நான் செய்த நல்ல காரியங்களில் ஒன்று. தங்கியது பிரிக்ஃபீல்ட்ஸில், ரயில் நிலையத்திலிருந்து பையைத் தூக்கிக்கொண்டே நடந்துவிடக்கூடிய தூரத்தில். மதியம் வாழையிலைச் சோறு. இரண்டாம் முறை சோறு வேண்டாம் என்று தம்பியைத் (அக்காள் மகனை நான் அப்படித்தான் அழைப்பேன்) தடுத்துவிட்டேன். வயிறு நிறைய உண்டபின் ஆறு மணி நேரம் கூட்டத்தில் நிற்க முடியாது.

வரிசையில்தான் சோதனைகள் தொடங்கின. மாலை ஐந்து மணிக்குக் கோலாலம்பூர் வானம் வழக்கம்போல் கறுத்து, இடியும் மின்னலுமாகக் கொட்டித் தீர்த்தது. குடை உள்ளே அனுமதி இல்லை என்று சீட்டின் பின்குறிப்பில் இருந்ததைப் படித்திருந்ததால், மடித்தால் உள்ளங்கைக்குள் அடங்கும் நெகிழி மழைச்சட்டைகளைக் கொண்டுவந்திருந்தேன். எங்களுக்கு முன்னால் நின்ற இரண்டு இளைஞர்கள் கொம்பு வைத்த தலைக்கவசம் அணிந்து வந்திருந்தார்கள். வாசலில் அவற்றை வாங்கி வைத்துவிட்டார்கள், திரும்பக் கிடைத்ததா என்று தெரியாது, அவர்கள் முகம் வாடியதைப் பார்க்க வருத்தமாக இருந்தது. உண்மையில் வைக்கிங்குகள் கொம்புக் கவசம் அணிந்ததில்லை. 1943இல் நோர்வேயின் யெர்முண்ட்புவில் கிடைத்த வைக்கிங் காலத் தலைக்கவசம் உருண்டையான இரும்புத் தொப்பி, கண்ணைச் சுற்றி மூக்குக்கண்ணாடி போன்ற காப்பு, அவ்வளவே. கொம்பு வந்து ஒட்டிக்கொண்டது 1876இல் ஜெர்மானிய இசையமைப்பாளர் வாக்னரின் இசை நாடகத்துக்குத் தைத்த உடைகளிலிருந்து. கொம்பில் மது அருந்தியது மட்டும் உண்மை, ஆனால் அந்தக் குடிகொம்பையும் வாசலில் விடமாட்டார்கள். தண்ணீர்ப் புட்டி, பவர் பேங்க், கூர்முனை கொண்ட கைப்பட்டை, சங்கிலி, பெரிய பை எல்லாவற்றையும் அறையிலேயே வைத்துவிட்டுப் போவதே நல்லது. மைகார்டு என்ற அடையாள அட்டை, பணம், காதடைப்பான், தொலைபேசி ஆகிய நான்கும் உடம்போடு ஒட்டிய சிறு இடுப்புப் பையில் இருந்தால் போதும்.

கதவு ஏழு மணிக்குத் திறக்கும் என்று அச்சிட்டிருந்தார்கள். திறந்தது எட்டரைக்கு. ஈரத்தோடு நின்ற எங்களிடம் யாரும் வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. மின்னஞ்சலில் வந்த சீட்டைக் கைப்பட்டையாக மாற்றித்தர ஒரே மேசை. ஆயிரம் பேருக்கு மேல் வரிசை. தாமதத்தின் சுமை கடைசியில் உள்ளூர்க் குழுவின் தலையில் விழுந்தது. முக்கியக் குழுவுக்கு முன்பாக வாசிக்கவிருந்த அந்த நான்கு பிள்ளைகளுக்கு இருபது நிமிடம்தான் கிடைத்தது. மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்து, கடன் வாங்கிக் கருவி வாங்கி வந்திருப்பார்கள். அவர்கள் வாசித்த நான்கு பாடல்களுக்கும் நான் கை வலிக்கத் தட்டினேன். உள்ளூர்க் குழுவுக்கு நேரம் ஒதுக்கித் தராத ஏற்பாடு எனக்கு உவப்பானதே அல்ல. அவர்களைக் கேட்பதற்காகவாவது ரசிகர்கள் சீக்கிரம் உள்ளே போய்விட வேண்டும்.

தொலைபேசியைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். மழையில் வழிகாட்டி, படம், வீடியோ என்று பயன்படுத்தித் தம்பியின் தொலைபேசியில் மின்சாரம் பத்து விழுக்காட்டுக்கு வந்துவிட்டது; சீட்டு அதற்குள்தான் இருந்தது. நான் இருவர் சீட்டையும் தாளில் அச்சிட்டு நெகிழி உறையில் வைத்திருந்ததால் பிழைத்தோம். இந்தக் காலத்தில் தாளா என்று முதலில் கேட்ட அவனே அந்த உறையைப் பிறகு தன் சட்டைக்குள் பத்திரப்படுத்திக்கொண்டான்.

உள்ளே போனதும் காதடைப்பானைப் போடும் முறையை அவனுக்குக் காட்டினேன். நுரையால் ஆனதை விரல்களுக்கிடையே மெல்லிய குச்சியாக உருட்ட வேண்டும். எதிர்க்கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக இழுத்தால் செவிக்குழல் நேராகும். அப்போது உள்ளே நுழைத்து, அது விரிந்து நிரம்பும்வரை அரை நிமிடம் விரல் நுனியால் பிடித்திருக்க வேண்டும். தன் குரலே குடத்துக்குள்ளிருந்து பேசுவதுபோல் கேட்டால் சரியாகப் பொருந்தியிருக்கிறது என்று பொருள். பாதி வெளியே நீட்டிக்கொண்டு நிற்பது அலங்காரமே தவிரக் காப்பு அல்ல. வேலையிடங்களுக்கு அமெரிக்க ஆய்வு நிறுவனம் வகுத்த கணக்கின்படி 85 டெசிபெல் ஒலியை எட்டு மணி நேரம் கேட்கலாம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் நேரம் பாதியாகக் குறையும். 100 டெசிபெல்லில் பதினைந்தே நிமிடம். உலகச் சுகாதார நிறுவனம் 2022இல் இசை அரங்குகளுக்குப் பரிந்துரைத்த உச்ச வரம்பும் சராசரி 100 டெசிபெல்தான். மெட்டல் கச்சேரி அந்த அளவைத் தொடுவதும் தாண்டுவதும் சாதாரணம், அதுவும் ஒன்றரை மணி நேரத்துக்கு. எனக்கு இசைக்கலைஞர்கள் போடும் சிலிக்கன் வகை பிடிக்கும். உயர்ந்த ஒலியையும் தாழ்ந்த ஒலியையும் ஏறக்குறைய சமமாகக் குறைப்பதால் கிதாரின் கூர்மை மங்குவதில்லை. சொன்னால் நம்பமாட்டீர்கள், காதை அடைத்தபின்தான் பாடல் வரிகள் எனக்குத் தெளிவாகக் கேட்கின்றன.

எங்கே நிற்பது என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. 2013 ஆகஸ்ட் 21 அன்று மெர்டேக்கா அரங்கில் மெட்டாலிக்கா வாசித்தபோது கற்றுக்கொண்டது அது: ஒலிக்கலவை மேசை எங்கிருக்கிறதோ அதற்குச் சற்று முன்னால் நின்றால் ஒலி சீராகக் கிடைக்கும், ஏனெனில் அந்தக் கலைஞர் தன் காதுக்குக் கேட்பதை வைத்துத்தான் எல்லாவற்றையும் அளக்கிறார். மேடையை ஒட்டி நின்றால் முகங்கள் தெரியும், பாட்டு தெரியாது. இரட்டை மிதிமுரசும் அடிக்கிதாரும் சேர்ந்து வயிற்றில் மோதும். நாங்கள் முதல் பாதியை மேசையருகிலும் இரண்டாம் பாதியை முன்வரிசைக் கூட்டத்திலும் கழிப்பதென்று பேசிக்கொண்டோம். பிரிந்துவிட்டால் சந்திக்கும் இடம் சட்டை விற்கும் மேசையின் இடப்பக்கத் தூண் என்பதையும் முன்பே குறித்துக்கொண்டோம், ஏனெனில் உள்ளே தொலைபேசி அலை கிடைக்கவில்லை.

அந்த மேசையில் சட்டை வாங்குவோருக்கு ஒரு சொல். வைக்கிங்குகளின் இடித்தெய்வமான தோரின் சுத்தியல் பதக்கம் வைக்கிங் காலத்திலேயே மக்கள் கழுத்தில் அணிந்தது, அதை அணிவதில் குற்றமில்லை. ஆனால் சில ரூன் குறிகளை நாசிகள் தங்கள் அடையாளமாக எடுத்துக்கொண்டார்கள்; இன்றும் ஐரோப்பாவின் இனவெறிக் கும்பல்கள் அவற்றைப் பயன்படுத்துகின்றன. நம் நிறத்தையே வெறுக்கிறவர்களின் குறியை அறியாமல் நெஞ்சில் தாங்கி நிற்கக் கூடாது. பொருள் தெரியாத குறி என்றால் வாங்குவதற்கு முன் இரண்டு நிமிடம் தேடிப் பாருங்கள். நல்ல குழுக்கள் இந்த விஷயத்தில் தங்கள் நிலையை வெளிப்படையாகச் சொல்லியிருப்பார்கள். இந்தக் குழுவும் சொல்லியிருந்தது, அதைப் பார்த்த பிறகே நான் சீட்டு வாங்கினேன்.

விளக்கு அணைந்து, திரையில் அலைகடல் தெரிந்து, எங்கோ ஒரு கொம்பு நீளமாக ஊதியபோது என் கைமயிர் சிலிர்த்தது. நாற்பது வயதைக் கடந்த, வங்கிக் கணக்குகளைச் சரிபார்த்து நாளைக் கழிக்கும் ஒருத்திக்கு அந்த ஒரு நிமிடம் என்னவெல்லாம் தந்தது என்பதைச் சொல்லில் வைப்பது கடினம். சுற்றிலும் பார்த்தேன். தலைத்துணிக்கு மேல் குழுவின் பெயர் பொறித்த பட்டியைக் கட்டிய மலாய்ப் பெண், நரைத்த முடியைப் பின்னிய சீன அங்கிள், ஈப்போவிலிருந்து வேனில் வந்திருந்த தமிழ்ப் பிள்ளைகள் ஐந்து பேர். ஒருவருக்கொருவர் பெயர் தெரியாது, ஆனால் எல்லாருக்கும் வரிகள் தெரிந்திருந்தன.

பாதிக்குப் பின் முன்னால் நகர்ந்தோம். வட்டமாக இடம் விட்டு, தோளோடு தோள் மோதி ஓடும் 'பிட்' வெளியிலிருந்து பார்த்தால் அடிதடிபோல் இருக்கும். உள்ளே கண்டிப்பான ஒழுங்கு உண்டு: விழுந்தவரை அந்த நொடியே தூக்க வேண்டும், முழங்கையை உயர்த்தக் கூடாது, விரும்பாதவரை இழுக்கக் கூடாது, கீழே கிடைத்த பொருளைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்ட வேண்டும். இந்த ஒழுங்கை நான் என் உடம்பாலேயே சோதித்துவிட்டேன். ஈரத்தரையில் கால் வழுக்கி முழங்கால் தரையில் பட்டது. பயம் என்ற உணர்வு வருவதற்கு முன்பே இரண்டு பக்கமும் கைகள் அக்குளில் நுழைந்து தூக்கி நிறுத்தின. "கக் (அக்கா), ஓகே?" என்று ஒரு மலாய்ப் பையன் கேட்டு, நான் தலையாட்டியதைப் பார்த்தபின்தான் விலகினான். என் தவறு காலணியில் இருந்தது. அழகுக்காகத் தேய்ந்த அடிப்பாகம் கொண்ட பழைய பூட்ஸைப் போட்டுப் போனேன். பிடிப்புள்ள, கணுக்காலை மூடிய, இரட்டை முடிச்சுப் போட்ட காலணிதான் இந்த இடத்துக்கு ஏற்றது. மூக்குக்கண்ணாடி அணிகிறவர்கள் பின்னால் பட்டை கட்டிக்கொள்ள வேண்டும். காதில் தொங்கட்டான், கழுத்தில் சங்கிலி எதுவும் வேண்டாம்.

பிறகு அந்தப் பாடல் வந்தது. பாடகர் இரண்டு கைகளையும் கீழே தாழ்த்திக் காட்டினார். ஆமோன் அமார்த் கச்சேரிகளில் ரசிகர்கள் தரையில் அமர்ந்து துடுப்புப் போடும் காட்சிகளை இணையத்தில் கண்டிருந்ததால் என்ன நடக்கப்போகிறது என்று எனக்குப் புரிந்தது. முன்னால் இருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக, ஒருவர் கால்களுக்கிடையே இன்னொருவர் என்று தரையில் அமர்ந்தார்கள். தம்பி எனக்கு முன்னால், எனக்குப் பின்னால் அந்தச் சீன அங்கிள். முரசு மெதுவாக, கனமாக, ஒரே அளவில் விழுந்தது. முதல் அடிக்கு முன்னால் குனிந்து கைகளை நீட்டி, இரண்டாம் அடிக்கு மார்போடு இழுத்துச் சாய வேண்டும். முதல் நான்கைந்து இழுப்பு யாருக்கும் ஒத்துவரவில்லை. என் நெற்றி தம்பியின் முதுகில் இடித்தது. ஆறாவது இழுப்பில் ஒத்துவந்தது. எனக்கு முன்னால் இருந்த தோள்கள் எல்லாம் ஒரே கோட்டில் சாய்ந்து நிமிர்வதைப் பார்த்தேன். 1880இல் நோர்வேயில் மண்ணுக்குள்ளிருந்து எடுத்த கோக்ஸ்டாட் கப்பலுக்குப் பக்கத்துக்கு 16 துடுப்புகள். எங்கள் வரிசைகளில் அமர்ந்திருந்தவர்கள் அந்த 32 பேரை விட நிச்சயம் அதிகம்.

அந்தத் தாளத்தில் என் வாய் தானாக "ஏலேலோ" என்றது. நான் திட்டமிட்டுச் சொல்லவில்லை. முன்னாலிருந்து தம்பி திரும்பாமலே "ஐலசா" என்றான். ஈப்போப் பிள்ளைகள் காதில் அது விழுந்திருக்க வேண்டும். அடுத்த இழுப்பில் இடப்பக்கத்திலிருந்து ஐந்து குரல்கள் சேர்ந்தன. நான்காம், ஐந்தாம் இழுப்பில் என் பின்னாலிருந்த அங்கிளும், அவருக்கு அப்பால் இருந்த மலாய்ப் பெண்ணும், பொருள் தெரியாமலே "ஐலசா" என்று இழுத்தார்கள். மேடையில் இருந்தவர்களுக்கு இது கேட்டிருக்க வாய்ப்பே இல்லை. எங்கள் பத்திருபது பேருக்கு மட்டும் கேட்டது. என் தாத்தாவின் தாத்தா நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறி வந்தவர். அவர் துடுப்புப் போட்டவர் அல்லர், அடித்தளத்தில் நெருக்கியடித்து ஏற்றப்பட்டவர். எனினும் அந்தச் சொல் அவர்களோடுதான் கடலைக் கடந்து வந்தது. பாட்டு முடிந்து எழுந்தபோது என் கண்கள் நிறைந்திருந்தன. அங்கிள் என் தோளில் தட்டினார்.

துடுப்புப் போட உட்காரும்போது கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: விரல்களைத் தரையில் ஊன்றாதீர்கள், எழும்போது பக்கத்தில் இருப்பவரின் முன்கையைப் பிடித்து எழுங்கள். முதுகுவலி உள்ளவர்கள் ஓரத்தில் நின்று கைகளை மட்டும் அசைத்தாலும் அந்த இன்பத்தில் பங்கு உண்டு. தலையை ஆட்டுவதிலும் அளவு வேண்டும். கழுத்திலிருந்து ஆட்டாமல் இடுப்பிலிருந்து உடம்போடு சேர்த்து ஆட்டினால் மறுநாள் கழுத்தைத் திருப்ப முடியும். தம்பிக்கு இதைச் சொல்ல மறந்துவிட்டேன். இரண்டு நாள் தைலம் தேய்த்துக்கொண்டான்.

கச்சேரி முடிந்தபோது மணி நள்ளிரவைத் தாண்டிவிட்டது. எல்ஆர்டி, மோனோரயில் போன்ற நகர ரயில்கள் எதுவும் இல்லை. கதவைத் தாமதமாகத் திறந்ததன் விலையை வெளியூர்க்காரர்கள் இப்படிக் கொடுக்க வேண்டியிருந்தது. வாடகை வண்டி அழைக்கும் கிராப் செயலியில் வழக்கமான கட்டணத்தைப் போல் மூன்று மடங்கு காட்டியது. ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் வண்டி தேடினால் அப்படித்தான் இருக்கும். அவசரப்படாமல் பத்து நிமிடம் நடந்து ஒரு மாமாக் கடையில் (இந்திய முஸ்லிம் உணவகத்தில்) உட்கார்ந்தோம். மீ கோரெங், ஐஸ் போட்ட எலுமிச்சைத் தேநீர், அதற்கு மேல் இரண்டு பெரிய கோப்பை வெறும் தண்ணீர். ஒரு மணி நேரத்தில் கட்டணம் சாதாரண நிலைக்கு இறங்கியது. பக்கத்து மேசையில் கச்சேரியிலிருந்து வந்த வேறு சிலரும் இருந்தார்கள்; அந்த ஒரு மணி நேரப் பேச்சில் மூன்று புதிய குழுக்களின் பெயர்களைத் தம்பி குறித்துக்கொண்டான். திரும்பும் வழியையும் அதற்கான பணத்தையும் முன்பே ஒதுக்கி வைத்திருக்க வேண்டும், கடைசி ரயிலை நம்பிப் போகவே கூடாது.

மறுநாள் மாலை ஃபெரியில் மேல்தளத்தில் நின்றோம். வானம் தெளிந்து, வடக்கே குனோங் ஜெராய் நீலமாகத் தெரிந்தது. "சித்தி, அங்கதானே கடாரம்?" என்று தம்பி கேட்டான். அங்கேதான் என்றேன். அடுத்த மாதம் பூஜாங் பள்ளத்தாக்குக்குப் போவதென்று பேசிக்கொண்டோம். கரையில் அக்காள் காத்திருந்தார். மகனைக் கண்டதும் காதருகில் வந்து, செவிடரிடம் பேசுவதுபோல் உரக்க, "காது கேக்குதாப்பா?" என்றார்.

"மெதுவாவே பேசுங்கம்மா," என்றான் அவன், "எல்லாமே கேக்குது."